பிள்ளை தங்காத லயங்கள்: முறைக்காய்ச்சலும் சூலுற்ற மகளிர் பேணலும்

மொழி வளர்ச்சிக்கென நடைபெறும் சொற்பொழிவு வரிசையில் காய்ச்சலைப் பற்றிய வரலாறு இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் மலாக்கா வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மகளிரின் வரலாற்றை எழுதப் புகுவோர் மலேரியாவைக் கடந்து செல்ல இயலாது. அந்நோய் அவர்களுக்கு என்ன செய்தது என்பதை அறிய அவர்தம் சொற்களைத் தவிர வேறு சான்று பெரிதாக எஞ்சவும் இல்லை. எனவே மொழியியல் பயின்ற நாம் இப்பொருளைக் கையிலெடுப்பதில் ஒரு நியாயம் உண்டு.

நாம் நிறுவ முயல்வது ஒன்றே. சூலுற்ற பெண்ணை மலேரியாவிலிருந்து காப்பதற்கு மருந்து இன்றியமையாதது. ஆனால் மருந்து மட்டும் போதாது. உரிய வினா உரிய காலத்தில் அவள் அறிந்த மொழியில் கேட்கப்படவேண்டும். அவள் தரும் விடை ஏட்டில் பதியப்படவேண்டும். இவ்விரண்டும் நேராத இடத்தில் நல்ல மருந்தும் பயன் தரவில்லை என்பதே தோட்ட வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

1. சொற்கள் தரும் செய்தி

மலேரியா என்னும் பெயர் இத்தாலிய மொழியில் தீய காற்று என்னும் பொருளுடையது. சதுப்பு நிலத்தின் காற்றே நோய் தருகிறது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பியமையின் எச்சம் அது. மலாய் மக்கள் இந்நோயை டெமாம் கூரா என்றனர். கூரா என்பது மண்ணீரல். காய்ச்சல் மீண்டும் மீண்டும் வர, இடப்பக்க விலாவின் கீழ் மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படும். அவ்வீக்கமே நோய்க்குப் பெயராயிற்று. தமிழரோ இதனைக் குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் வழங்கினர். முறை வைத்து வருவதால் முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம் எடுக்கும் வகையையும், இரண்டு நாள் விட்டு வரும் வகையையும் நம் முன்னோர் பிரித்தறிந்திருந்தனர். ஒட்டுண்ணி குருதிச் செல்களுக்குள் பெருகி 48 அல்லது 72 மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது என்னும் அறிவியல் உண்மை பின்னர் வந்தது. இத்தாலியர் காற்றையும் மலாய்க்காரர் உறுப்பையும் கண்டனர். தமிழர் காலத்தைக் கண்டனர்.

இனிச் சூல் பற்றிய சொற்களை நோக்குவோம். தொடக்கத் திங்களில் இருப்பவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்றும், ‘நாள் தள்ளியிருக்கிறது’ என்றும் குறிப்பாகச் சொல்வர். வயிறு தெரியும் காலத்தில் ‘வாயும் வயிறுமாக இருக்கிறாள்’ என்பர். பின்னர் நிறைமாதம். பொதுவாகப் பிள்ளைத்தாய்ச்சி. அகராதியில் கடுஞ்சூல் என்றொரு சொல் உண்டு. முதற்சூல் என்பது அதன் பொருள். முதல் முறை கருவுறுவதைக் கடுமை என்னும் அடையால் சுட்டிய வழக்கு கருதத்தக்கது. அதற்கு மீண்டும் வருவோம்.

கரு கலைந்தபோது வழங்கிய தொடர் ‘பிள்ளை தங்கவில்லை’ என்பது. இத்தொடரின் இலக்கணத்தை மாணவர் உற்றுநோக்க வேண்டும். தங்குதல் என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. அதன் எழுவாய் பிள்ளை. தங்க மறுத்தது பிள்ளையே என்பது போலத் தொடர் அமைந்துள்ளது. தங்கவிடாமற் செய்தது எது என்னும் வினாவுக்கு அதில் இடமே இல்லை. துயரத்தின் சுமையைத் தாய்மேல் ஏற்றாத மென்மை அத்தொடரில் உண்டு. அதே வேளையில் காரணத்தை மறைக்கும் திரையும் அதுவே ஆயிற்று. ஒரு லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் ஒரே ஆண்டில் பிள்ளை தங்காமற் போயினும், அவரவர் விதியாக அது கொள்ளப்பட்டதேயன்றி அனைவர்க்கும் பொதுவான ஒரு காரணம் தேடப்படவில்லை.

2. தோட்டம் வந்தது, கொசு பெருகியது

மலாயாவின் முதல் வணிக ரப்பர்ச் சாகுபடி நம் மாநிலத்தில்தான் தொடங்கிற்று. 1896இல் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர்ப் புக்கிட் அசஹானில் சாகுபடி விரிந்தது. அடுத்த பத்தாண்டுகளில் தீபகற்பத்தின் மேற்குக் கரை முழுவதும் காடு வெட்டப்பட்டது. வெட்டவும் நடவும் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொணரப்பட்டனர். இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் சேர்க்கும் முறை 1910இல் நிறுத்தப்பட்டபின் கங்காணி முறை மேலோங்கியது. குடும்பமாக வருவோர் தொகையும் பெண்களின் தொகையும் படிப்படியாக உயர்ந்தன.

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அக்கண்டுபிடிப்பை மலாயாவில் உடனே நடைமுறைக்குக் கொணர்ந்தவர் மால்கம் வாட்சன். 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த அவர், கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பு நிலத்தை வடியச் செய்தார். அவ்விரு நகர்களிலும் 1901இல் 582 ஆக இருந்த இறப்பு மறு ஆண்டில் 144 ஆகக் குறைந்தது.

மலைப்பாங்கான தோட்டங்களில் இம்முறை பலிக்கவில்லை. காரணம் கொசுவின் வகை வேறுபாடு. காட்டு நிழலில் தேங்கும் நீரில் வளரும் அனாஃபிலிஸ் கொசு காடு அழிந்தால் குறையும். ஆனால் மாக்குலாத்தஸ் என்னும் வகை வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும். காட்டை வெட்டி ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டமையால் அக்கொசு பெருகிற்று. தோட்டம் அமைத்த செயலே நோயையும் விளைத்தது எனலாம். நிலத்தடிக் குழாய் வடிகால், ஓடைகளில் எண்ணெய் தெளித்தல் ஆகியவை பின்னரே வந்தன. 1910களின் தொடக்கத்தில் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் இறப்பு ஆயிரத்துக்கு 60 அளவை எட்டிற்று. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாகத் தனி ஆட்சியில் இருந்தது. எனினும் மலைச்சரிவும் ஓடையும் கொசுவும் எல்லைக்கோட்டை மதிப்பதில்லை.

3. நோய் கருவை எங்ஙனம் தாக்குகிறது

சூலுற்ற பெண்ணிடம் மலேரியா ஏன் தனித்தன்மையுடன் நடந்துகொள்கிறது என்பதை இங்குச் சுருங்க அறிதல் நலம். 1925இல் பிளாக்லாக், கோர்டன் என்னும் இரு மருத்துவர் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் நஞ்சுக்கொடிகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, அங்கு ஒட்டுண்ணி குடியிருப்பதையும் அதனால் சிசுக்கள் மடிவதையும் எடுத்துக்காட்டினர். இதன் நுட்பம் 1996இல் தெளிவாயிற்று. ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி புகுந்த குருதிச் செல்கள், நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருளில் ஒட்டிக்கொள்கின்றன என்று ஃப்ரீட், டஃபி ஆகியோர் கண்டறிந்தனர். நஞ்சுக்கொடி இல்லாத உடலில் அவ்வகைச் செல்கள் ஒட்ட இடமில்லை. எனவே அவற்றை எதிர்க்கும் ஆற்றலை முதற்சூலுக்கு முன் எப்பெண்ணும் பெற்றிருப்பதில்லை. நோய் எப்போதும் நிலவும் நாடுகளில் முதற்சூலே பெரும் இடர்க்கு உள்ளாவதற்குக் காரணம் இதுவே. கடுஞ்சூல் என்னும் பழஞ்சொல்லுக்கு, அதனை ஆக்கியோர் அறிந்திராத ஒரு பொருத்தம் இங்கு வாய்க்கிறது.

தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து வந்தோர்க்கும், ஓடைகள் திறந்ததால் திடீரெனக் கொசு பெருகிய மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கும் நிலைமை இன்னும் கடினம். எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடத்தில் எத்தனையாவது சூலாயினும் தப்புவதில்லை. சோகை முற்றும், கரு கலையும், பிள்ளை இறந்தோ எடை குன்றியோ பிறக்கும். வெறுங்காலுடன் நடந்தோரைப் பற்றிய கொக்கிப்புழு அச்சோகையை இரட்டிப்பாக்கியது.

இதற்கு மிக அருகிய சான்று இலங்கையிலிருந்து கிடைக்கிறது. 1934–35ஆம் ஆண்டுகளில் அங்குப் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. கொழும்பு டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனையில் பணியாற்றிய விக்கிரமசூரிய என்னும் மகப்பேற்று மருத்துவர், காய்ச்சலுடன் வந்த சூலுற்ற பெண்களைத் தனித்து நோக்கிக் குறிப்பெடுத்தார். மலேரியாவும் கொக்கிப்புழுவும் சூலுற்ற பெண்ணுக்கு விளைக்கும் கேடு பற்றிய அவருடைய நூல் 1937இல் வெளிவந்தது. பிறரைக் காட்டிலும் சூலுற்ற பெண்கள் மிகுதியாக இறந்தனர் என்பதையும், தாயிடமிருந்து கருவுக்கு ஒட்டுண்ணி செல்லக்கூடும் என்பதையும் உலகம் அவரிடமிருந்து அறிந்தது. அவர் கையாண்ட வழி எளியது: காய்ச்சல் என்னும் பெரும் பட்டியலிலிருந்து சூலுற்றோரைப் பிரித்து எழுதினார். அவ்வாறு பிரித்து எழுதியதால்தான் கேடு கண்ணுக்குப் புலப்பட்டது.

4. கணக்கில் இல்லாத கரு

நம் தோட்ட ஏடுகளில் அவ்வாறு பிரித்து எழுதும் வழக்கம் வேரூன்றவில்லை. தோட்ட நிருவாகம் கணக்கில் வைத்தவை ஆள்தொகை, வேலைநாள், நோய்நாள், இறப்பு. நோயின் அளவைக் கண்டறியக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி மண்ணீரலைத் தொட்டுப் பார்த்து நூற்றுக்கு இத்தனை எனக் கணித்தனர். குழந்தை பிறந்தால் பதிவு. பிறந்த குழந்தை இறந்தால் பதிவு. கலைந்த கருவோ பிறப்பும் அன்று, இறப்பும் அன்று. தாய்க்கு அது சில நாள் வேலைக்கு வராமை, ஏட்டில் அவ்வளவே. குடியேற்ற ஆட்சிக் காலத்து மலாயாவின் நலவாழ்வு வரலாற்றை 1996இல் நூலாக வெளியிட்ட லெனோர் மண்டர்சன் போன்ற ஆய்வாளர், அக்கால மருத்துவம் தொழில் உற்பத்தியின் தேவையையே முதன்மையாகச் சார்ந்திருந்தமையை விரிவாகக் காட்டியுள்ளனர்.

வருவாய்க் கணக்கும் இதனோடு பின்னியது. 1920களின் இறுதியில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவேண்டும். காய்ச்சல் விட்ட நாளில் பால்மரம் வெட்டவும், காய்ச்சல் வரும் நாளில் படுக்கவும் பழகிய பெண்ணுக்கு முறைக்காய்ச்சல் என்னும் பெயரே வாழ்க்கை அட்டவணை ஆயிற்று. 1920களின் தொழிலாளர் சட்டங்கள் மகப்பேற்றுப்படியைக் கொணர்ந்தன. ஆயாக்கொட்டகையும் தோட்டப் பள்ளியும் பரவின. அவை மெய்யான முன்னேற்றங்களே. ஆனால் மகப்பேற்றுப்படி என்பது பேறுகாலத்துக்கு உரியது. பேறுகாலம் வரை கரு தங்கவில்லையெனில் அச்சட்டம் அவளை எட்டவில்லை. நோய் மிகவும் கேடு செய்யும் தொடக்கத் திங்களும் இடைத் திங்களும் சட்டத்தின் பார்வைக்கு அப்பால் இருந்தன.

5. மருந்தும் அச்சமும்

கொய்னா தோட்டங்களுக்கு முன்னரே வந்துவிட்டது. பல தோட்டங்களில் பெரட்டு நேரத்திலேயே கசப்பு மருந்தை வரிசையில் நிறுத்திக் கொடுத்தனர். அதனைக் குடித்துவிட்டு மறைவிற் சென்று உமிழ்ந்தோர் பற்றிய பேச்சு மலாயாவுக்கு மட்டும் உரியதன்று. சூலுற்ற பெண்களோ வேறொரு காரணத்தால் அஞ்சினர். கொய்னா கருவைக் கலைக்கும் என்னும் எண்ணம் மருத்துவரிடமும் இருந்தது, மக்களிடமும் இருந்தது. தமிழ் மரபில் இதற்கு வலுவான அடித்தளம் உண்டு. உணவையும் மருந்தையும் சூடு, குளிர்ச்சி எனப் பகுப்பது நம் வழக்கம். பப்பாளி முதலான சூட்டுப் பொருள்களைச் சூல்காலத்தில் விலக்குவர். காதில் இரைச்சலும் தலைச்சுற்றலும் தரும் மருந்து சூட்டு மருந்து என முடிவு கட்டுவது அவர்கள் அறிவுக்கு இயல்பானதே.

அளவு மீறினால் கொய்னா கேடு தரும் என்பது உண்மை. ஆனால் மருத்துவத்துக்குரிய அளவில் அதனைவிடக் காய்ச்சலே கருவுக்குப் பெரும்பகை. 1985இல் தாய்லாந்தில் கடும் மலேரியாவுடன் நிறைமாத நிலையில் இருந்த பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வு, கொய்னா கருப்பையைச் சுருங்கச் செய்யவில்லை என்றும், அவர்களுக்கு நேரும் மெய்யான இடர் குருதியில் சர்க்கரை அளவு வீழ்வதே என்றும் காட்டிற்று. நூற்றாண்டுக்கால அச்சத்துக்கு அப்போதுதான் தக்க விடை கிடைத்தது. அவ்விடை கிடைக்கும்வரை எத்தனை பெண்கள் மருந்தைத் தவிர்த்தனர் என்பதற்குக் கணக்கில்லை.

மேலும் ஓர் இடர் உண்டு. மலேரியாவின் தொடக்கக் குறிகளான தலைவலி, குமட்டல், அசதி, தலைச்சுற்றல் ஆகியன மசக்கையின் குறிகளும் ஆகும். பெண்ணும் அவள் மாமியாரும் அதனை மசக்கை என்றே கொள்வர். காய்ச்சல் முற்றித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குச் சென்றால் அங்கு டிரசர் இருப்பார். அவர் ஆடவர். ‘காய்ச்சல் எத்தனை நாள்?’ என்று கேட்பார். ‘நாள் தள்ளியிருக்கிறதா?’ என்று ஓர் ஆடவர் கேட்பதும், கேட்டாலும் அவள் விடை சொல்வதும் அக்கால வழக்கத்தில் எளிதன்று. இவ்வாறு சூல் என்னும் செய்தி டிரசரிடம் சேராமலே நின்றது. சேர்ந்திருப்பின் மருந்தின் அளவும் ஓய்வும் உணவும் வேறாயிருக்கலாம். வேலைக்கு வேண்டிய தமிழ் இருதரப்பாரும் அறிந்ததே. உடம்பைப் பற்றிப் பேசும் தமிழ்தான் அவர்களிடையே புழங்கவில்லை.

1930களில் அட்டப்ரின் என்னும் மஞ்சள் மாத்திரை வந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபீல்டு உருவாக்கிய சாயமுறை, சில நொடிகளில் குருதித் தடத்தில் ஒட்டுண்ணியைக் காட்டிற்று; இன்றும் அவர் பெயராலேயே பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் அது வழங்குகிறது. ஆனால் 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் வடிகால்கள் தூர்ந்தன, கொய்னா அரிதாயிற்று, ஆடவர் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தோட்டங்களில் எஞ்சிய பெண்கள் பசியையும் காய்ச்சலையும் ஒருங்கே தாங்கினர். போருக்குப் பின் குளோரோகுவினும் பூச்சிக்கொல்லி டிடிடியும் வந்தன. 1967இல் தீபகற்பத்தில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கி, முறைக்காய்ச்சல் படிப்படியாக நம் பேச்சிலிருந்து மறைந்தது.

6. பேணலின் தரம் என்பது யாது

தாய்நலப் பேணலில் மலேசியா பெற்ற வெற்றி உலகம் அறிந்தது. 1957இல் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தனர். 2010களில் அவ்வெண் 30க்கும் கீழ் இறங்கிற்று. 1950களில் தொடங்கிய கிராமப்புறச் சுகாதாரப் பணி, பயிற்சி பெற்ற மருத்துவச்சியரைச் சிற்றூர்களுக்கு அனுப்பிற்று. தோட்டங்கள் தனியார் நிலமாதலின் அப்பணியின் முழுப்பயன் அங்குத் தாமதமாகவே சேர்ந்தது.

இவ்வெற்றியில் மாணவர் மனங்கொள்ளவேண்டிய இரு செயல்கள் உள. ஒன்று, 1989இல் வந்த வண்ணக்குறி முறை. சூலுற்ற பெண்ணின் இடர்நிலைக்கு ஏற்ப அவளது பதிவேட்டில் ஒரு நிறம் இடப்படுகிறது. எழுத்தறியாதவளும் தன் நிலை எத்தகையது என்பதையும் எவரிடம் செல்லவேண்டும் என்பதையும் அதனால் அறிவாள். மற்றொன்று, 1991 முதல் நடைபெறும் தாய்மரண மறைபொருள் விசாரணை. ஒவ்வொரு தாயின் இறப்பும், எவரையும் தண்டிக்கும் நோக்கமின்றி, எங்குத் தடைப்பட்டது என ஆராயப்படுகிறது. பழைய தோட்ட ஏட்டில் இல்லாதிருந்த பத்தி இப்போது இடம்பெற்றது எனலாம். புது மருந்து எதையும் தராமலே இவ்விரு செயல்களும் பேணலின் தரத்தை உயர்த்தின.

மலேரியாவிலும் இதற்கு நேரான சான்று உண்டு. தாய்லாந்து–மியன்மார் எல்லையில் கரேன் அகதிகள் வாழ்ந்த முகாம்களில், 1986 முதல் சூலுற்ற பெண்கள் வாரந்தோறும் அழைக்கப்பட்டனர். காய்ச்சல் இருப்பினும் இல்லாவிடினும் ஒரு துளி குருதி சோதிக்கப்பட்டது. ஒட்டுண்ணி தென்பட்டால் அன்றே மருந்து. அதற்குமுன் மலேரியாவால் தாய்மார் இறப்பது அங்குப் பெருங்கொடுமையாயிருந்தது. பின்னர் அது மிக அருகிற்று. முகாமில் இருந்த மருந்துகள் வேறிடத்திலும் இருந்தன. வேறுபாடு என்னவெனில், பெண் வந்து முறையிடும்வரை காத்திராமல் வாரம் தவறாது அவளைத் தேடிக் கேட்டதே.

ஆப்பிரிக்காவின் நிலை இதற்கு மறுதலை. அங்கு மிதமாகவும் மிகுதியாகவும் நோய் பரவும் நாடுகளில் 2022ஆம் ஆண்டு 35.4 மில்லியன் பெண்கள் சூலுற்றனர். அவர்களுள் ஏறத்தாழ 12.7 மில்லியன் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர். இரண்டாம் மும்மாதம் முதல், குறைந்தது ஒரு திங்கள் இடைவெளியில், ஒவ்வொரு சோதனையின்போதும் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரை தரவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறி. அம்மருந்து மலிவானது, பழையது. ஆயினும் அவ்வாண்டில் மூன்று முறையேனும் அதனைப் பெற்றோர் நூற்றுக்கு 42 பேரே. மருத்துவ மனைக்கு வந்தும் மாத்திரை பெறாமல் திரும்புவோர் பலர். இருப்புத் தீர்ந்தது ஒரு காரணம். மாதக் கணக்கில் குழப்பம் மற்றொன்று. சோகைக்கெனத் தரும் ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அளவில் தரப்பட்டால் அம்மருந்தின் ஆற்றலே கெடும், 0.4 மில்லிகிராம் அளவே தக்கது. ஒரே மேசையில் தரப்படும் இரு மாத்திரைகளுள் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் இந்நிலையும் தரக்குறைவே.

முதல் மும்மாதத்துக்கு உரிய சிகிச்சையும் அண்மையில் மாறிற்று. நெடுங்காலம் அத்திங்களில் கொய்னாவே பரிந்துரைக்கப்பட்டது. 2022இல் சிக்கலற்ற ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் கூட்டு மருந்தை முதல் மும்மாதத்திலும் தரலாம் என உலகச் சுகாதார நிறுவனம் நெறிப்படுத்திற்று. மாறாக, பிரிமாகுவின் மருந்தைச் சூல்காலத்தில் தருதல் கூடாது; அது கருவின் குருதிச் செல்களை உடைக்கக்கூடும். எனவே ‘நாள் தள்ளியிருக்கிறதா?’ என்னும் அவ்வினா இன்றும் மருந்துச் சீட்டின் முதல் வரியாக நிற்கிறது.

7. இன்றைய தோட்டம், இன்றைய மொழி

2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றவில்லை. இலங்கை 2016இலேயே மலேரியா ஒழிந்த நாடு எனச் சான்று பெற்றது. பாச்சாங் முதலான மலாக்கா நகர்ப்புறக் குடியிருப்புகளில் இன்று வாழும் தமிழ் இளைஞர்க்கு முறைக்காய்ச்சல் என்பது அகராதிச் சொல். ஒருவகை மாமரத்தின் மலாய்ப் பெயர் ஊர்ப்பெயராக நிலைத்திருக்க, அம்மரத்தைப் பலரும் அறியாதது போன்றதே இதுவும்.

ஆயினும் கதை முடியவில்லை. குரங்குகளிடமிருந்து கொசு வழியே மனிதரை அடையும் நோலசி வகை மலேரியா, சபா சரவாக் மாநிலங்களில் பெரும்பான்மையாகவும் தீபகற்பத்தில் சிறிதளவும் தொடர்கிறது. 1932இல் கல்கத்தாவில் இதனை ஆராய்ந்த நோல்ஸ் என்பவரின் பெயரை அது தாங்கியுள்ளது. இவ்வொட்டுண்ணி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் காய்ச்சல் நாள்தோறும் வரும். முறை வைத்து வந்தால்தான் மலேரியா என்று நம் பழஞ்சொல்லை நம்பியிருப்போர் இங்கு ஏமாறுவர். சொல் காட்டும் வழி ஓர் எல்லை வரையே துணை நிற்கும் என்பதை மொழி பயில்வோர் ஒப்புக்கொள்ளவேண்டும்.

மற்றொன்று இன்னும் பெரிது. தமிழர் வெளியேறிய தோட்டங்களில் இன்று இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம், மியன்மார் முதலிய நாட்டார் உழைக்கின்றனர். அவருள் சிலர் மலேரியா நிலவும் பகுதிகளிலிருந்து வருகின்றனர். அவருள் பெண்களும் உளர். சட்டம் இன்று முன்னேறியுள்ளது. 2023 முதல் மகப்பேற்று விடுப்பு 98 நாள். ஆயினும் ரோகிங்கியா மொழியோ பர்மிய மொழியோ மட்டும் அறிந்த ஒரு பெண், காய்ச்சலுடனும் இரண்டு திங்கட் கருவுடனும் மருத்துவமனை முகப்பில் நிற்கையில், நாள் தள்ளியிருப்பதை அவள் எந்த மொழியில் சொல்வாள்? நூறாண்டுகளுக்கு முன் நம் பாட்டிமார் நின்ற இடத்தில் அவள் நிற்கிறாள். அன்றேனும் டிரசர் தமிழ் அறிந்திருக்க வாய்ப்பிருந்தது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்களுக்கும் இரு பணிகளைப் பரிந்துரைக்கிறோம். தோட்டத்தில் வாழ்ந்து இன்று எண்பதைக் கடந்த பெண்கள் நம்மிடையே இன்னும் உளர். காய்ச்சலையும் சூலையும் கருவிழப்பையும் குறித்த அவர்தம் சொற்களை, அவர்கள் இசைவுடனும் பெயரை வெளியிடாமலும், மாணவியர் திரட்டவேண்டும். தோட்ட ஏடுகள் எழுதாது விட்ட பத்தியை நிரப்பும் ஆவணம் அதுவே. இரண்டாவதாக, மருத்துவத்துறையில் சேரும் நம் பிள்ளைகள், தாம் பேணும் பெண் தன் உடம்பைப் பற்றி எச்சொல்லால் பேசுகிறாள் என்பதைக் கற்கவேண்டும். அம்மொழி தமிழாயினும் வேறாயினும் கற்கும் முறை ஒன்றே.

‘பிள்ளை தங்கவில்லை’ என்னும் தொடர் நம் மக்களின் துயரத்தைத் தாங்கி நின்றது. அத்தொடருக்குப் பின்னால் ஒரு நோய் இருந்தது, அதற்கு மருந்து இருந்தது, கேட்கப்படாத ஒரு வினாவும் இருந்தது. வேறொரு மொழியில் அதே தொடரைச் சொல்லி ஒரு பெண் வீடு திரும்பும் நிலை இம்மண்ணில் இனி நேராதிருக்க, அவ்வினாவைக் கேட்கக் கற்பது நம் அனைவர்க்கும் கடனாகும்.